மஞ்சள் கரிசலாங்கண்ணியா, வெடெலியாவா? தோட்டத்து மஞ்சள் பூக்களைப் பிரித்தறியும் முறை

தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூத்திருந்தாலே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிப் பறித்துக் கூட்டு வைக்கிறவர்கள் உண்டு. பல நேரம் அது வெடெலியாவாக இருக்கும். சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் மண் தெரியாமல் இருக்க நடுகிற அழகுச்செடி அது; கீரை அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

இரண்டும் ஸ்பாக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினம். கரிசலாங்கண்ணி 'கலென்டுலேசியா', அழகுச்செடி 'ட்ரைலோபேட்டா'. வெடெலியா என்பது இரண்டுக்குமே பழைய பெயர். அதனால் நர்சரியில் அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

தேவையானவை: 15 செ.மீ. அளவுகோல், பிளேடு, வெள்ளைத் தாள், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்.

படி 1: பூவைப் பிளந்து பாருங்கள்

பூவை மேலிருந்து காம்புவரை நெடுக்காக வெட்டித் தாளில் வையுங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது சின்னஞ்சிறு பூக்களின் கூட்டம். ஓரத்து 'இதழ்' ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் நெருக்கமாகக் குழாய்ப் பூக்கள். இந்த அமைப்பு இல்லாமல் ஐந்து இதழும் நடுவில் ஒரு சூலகமும் மட்டும் இருந்தால் அது நெருஞ்சி போன்ற வேறு குடும்பத்துச் செடி. அதற்கு இந்த முறை உதவாது.

படி 2: தண்டை ஒடியுங்கள்

பால் வடிந்து, நடுவில் குழாய்ப் பூக்களே இல்லாமல் எல்லாம் நாக்கு வடிவில் இருந்தால் இரண்டு வெடெலியாவும் அல்ல. விட்டுவிடலாம்.

படி 3: பத்து இலைகளை அளந்து பாருங்கள்

முடிவு சொல்வது இலைதான். வெவ்வேறு கொடிகளின் நடுப்பகுதியிலிருந்து பத்து இலைகளைப் பறியுங்கள். ஒரே இலையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இளங்கொழுந்திலும் தண்ணீர் இல்லாமல் குன்றிய கொடியிலும் அழகுச்செடியின் மடல்கள் சரியாகத் தெரியாது.

அழகுச்செடியின் இலை தடித்துப் பளபளக்கும். நீளம் அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரு பக்கமும் மடல் பிதுங்கி, நுனியோடு சேர்த்து மூன்று பிரிவாகத் தெரியும். 'ட்ரைலோபேட்டா' என்றால் மும்மடல் என்றே பொருள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுக்கமானது. நீளம் அகலத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு. பக்க மடல் கிடையாது. விளிம்பு வழவழவென்றோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பல்லோடோ இருக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். வாய்க்கால் வரப்பு, ஈரமான நிலம் இதற்குப் பிடித்த இடம்.

பூவின் நிறம், காம்பின் நீளம், கணுவில் வேர்விடும் பழக்கம் ஆகியவற்றை நம்பாதீர்கள். இவை இரண்டுக்கும் பொது. ஃபோன் செயலிகள் தடுமாறுவதும் இதனால்தான்: பூவை மட்டும் படமெடுத்துக் கொடுக்கிறோம், இலையைக் காட்டுவதில்லை.

படி 4: மற்ற ஒத்த பூக்கள்

வெட்டுக்காயப் பூண்டை எளிதில் ஒதுக்கலாம். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப் பூ அதுதான். ஓர இதழ் பெரும்பாலும் ஐந்தே, அதுவும் வெளிர்ந்த நிறத்தில். காம்பு நீண்டு தனித்து நிற்கும். முற்றிய விதை இறகுபோன்ற மயிரோடு காற்றில் பறக்கும். இரண்டு வெடெலியாவின் விதையிலும் அந்த இறகு இல்லை.

நிமிர்ந்து வளரும் செடியில், இலைக்கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒரு செ.மீ.க்கும் குறைவான மஞ்சள் பூ ஒட்டியிருந்தால் அது சினட்ரெல்லா. பூ கூம்புபோல உயர்ந்து, மென்றால் நாக்கு மரத்துப்போவது அக்மெல்லா இனம். பெயர் தெரியும்வரை மென்று பார்க்கும் சோதனையே வேண்டாம்.

இன்னும் சந்தேகமா?

தென் சீனாவில் இரண்டு ஸ்பாக்னெட்டிகோலாவும் கலந்த கலப்பினம் பதிவாகியிருக்கிறது. இடைப்பட்ட இலையைக் கண்டால் சமையலுக்கு எடுக்காதீர்கள். பூ, இலை, கணு மூன்றும் உள்ள 20 செ.மீ. தண்டைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள்.

அழகுச்செடிதான் என்று தெரிந்து பிடுங்கினால் உரக்குழியில் போடாதீர்கள். ஒரு கணு உள்ள துண்டு போதும், வேர்விட்டுவிடும். சிமெண்ட் தரையில் பரப்பி, தண்டு சருகாகி ஒடியும்வரை வெயிலில் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.