ஆழ்கிணற்றுப் புவிவெப்பம்: கணக்கு எங்கெல்லாம் தப்புகிறது?

பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும். கண்டங்களின் மேலோட்டில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி. ஐந்து கிலோமீட்டர் துளைத்தால் 150 டிகிரி கிடைத்துவிடும், அப்புறம் எரிபொருள் செலவே இல்லாமல் மின்சாரம் எடுக்கலாம் என்றுதான் பலர் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு இங்கேதான். அந்தச் சூட்டை மேலே சுமந்து வருவது தண்ணீர். நொடிக்கு எத்தனை கிலோ தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் வெப்பநிலையை மட்டும் வைத்துக் கிணற்றை மதிப்பிட முடியாது.

போட்டுப் பார்ப்போம். 150 டிகிரித் தண்ணீர் நொடிக்கு 50 கிலோ வருகிறது, அதை 70 டிகிரி வரை ஆறவிட்டு வெப்பத்தை எடுக்கிறோம் என்றால் சுமார் 17 மெகாவாட் வெப்பம். இந்தச் சூட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் சற்றுக் கூடுதலாக, மின்சாரமாகும். ஆக 2 மெகாவாட்டுக்குள்தான். தண்ணீர் 10 கிலோதான் வந்தால் 400 கிலோவாட்கூடத் தேறாது. துளையிட்ட செலவு மட்டும் அதேதான். பின்லாந்தின் எஸ்போவில் 6 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். சூடு இருந்தது, பாறை வழியே போதுமான தண்ணீர் ஓடவில்லை. வணிக உற்பத்தி கைகூடவில்லை.

டர்பைன் தரும் மின்சாரத்தையே விற்கும் மின்சாரமாகக் காட்டுவது இன்னொரு தவறு. தண்ணீரை மேலே ஏற்றவும் திரும்ப உள்ளே செலுத்தவும் பம்புகள் ஓட வேண்டும். அவை தின்றது போக மிச்சம்தான் விற்பனைக்கு.

சோதனை நிலையம் ஓடிவிட்டால் தொழில் நடந்துவிடும் என்று நம்புவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் ஹபனேரோ கிணறுகள் 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அடியில் 240 டிகிரியைத் தொடும் சூடு. 2013-இல் ஒரு மெகாவாட் சோதனை நிலையம் ஓடியும் காட்டியது. ஆனால் கட்டுபடியாகவில்லை, கிணறுகளை மூடிவிட்டார்கள்.

ஆழம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு என்று போடாதீர்கள், அதைவிட வேகமாக ஏறும். கடினப் பாறையில் தேய்ந்த துளைமுனையை மாற்ற, கிலோமீட்டர் கணக்கில் குழாயை உருவி வெளியே எடுத்துத் திரும்ப இறக்க வேண்டும். மொத்த முதலீட்டில் பெரும்பங்கு இப்படித் தரைக்குள் போகிறது, அதுவும் கிணறு தேறுமா என்று தெரியும் முன்பே. அதுவரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

நிலநடுக்கத்தை வெறும் விளம்பரப் பிரச்சினையாகப் பார்ப்பதும் ஆபத்து. பாறையில் விரிசல்களைத் திறக்க நீரை அழுத்திச் செலுத்தியபோது சுவிட்சர்லாந்தின் பாசலில் 2006-இல் 3.4 அளவு அதிர்வு வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2017-இல் தென்கொரியாவின் போஹாங்கில் 5-ஐத் தாண்டிய நிலநடுக்கம். அதைத் தூண்டியது அங்கிருந்த புவிவெப்பத் திட்டமே என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் சொன்னது. இழப்பீடும் நிறுத்த உத்தரவும் செலவுப் பட்டியலில் முதல் நாளே இருக்க வேண்டியவை.

சரி, மின்சாரம்தான் விற்க வேண்டுமா? பாரிஸ் படுகையில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 60 முதல் 80 டிகிரித் தண்ணீரை எடுத்து, 1969 முதல் வீடுகளுக்கு வெப்பமூட்டுகிறார்கள். மேலே போட்ட கணக்கில் 2 மெகாவாட்டுக்குப் பதில் அந்த 17-இன் பெரும்பகுதியையே விற்கலாம். ஒரே நிபந்தனை, வாங்குபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுடுதண்ணீரைக் குழாயில் வெகுதூரம் கொண்டுபோனால் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை இழக்கும்.