கரண்ட் பில்லைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் பில் எகிறியதும் முதலில் கேட்பது, "சோலார் போட்டுவிடலாமா?" என்பதுதான். தாராளமாகப் போடலாம். ஆனால் வீணாகிற மின்சாரத்தை நிறுத்தாமல் போட்டால், அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் பேனல் வாங்க வேண்டும்.

எனக்கு ரொம்பவும் வருத்தம் தருவது, விடுதியாக மாறும் பழைய நகரத்தார் வீடுகளில் நடப்பது. முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். சாரல் அடிக்காது, சரி. ஆனால் வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியேறும் வழியே அந்த முற்றம்தான். முகப்பு முதல் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேரில் இருப்பதும் காற்று ஓடத் தோதாக இருக்கிறது. மூடியதும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு முழுக்கப் புழுங்கும். அப்புறம் அங்கேயும் ஏசி கேட்கும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால், ஷீட்டை ஓட்டு விளிம்புக்கு மேலே இரண்டடி தூக்கிக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள்.

ஏசி போட்ட அறையில் செய்யும் தவறு இதற்கு நேர் எதிர். மேல் ஜன்னலும் பழைய தேக்குக் கதவின் இடுக்கும் திறந்தே கிடக்க, ஏசியை 18-ல் வைப்பார்கள். இடுக்கை அடைத்து, 24-ல் வைத்து, ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மின்சாதனங்களுக்கு நட்சத்திர முத்திரை தரும் மத்திய அரசு அமைப்பான பீஇஇ.

அந்த ஃபேன் பழசா என்றும் பாருங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும். குறைவாக மின்சாரம் இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். 40 ஃபேன் தினமும் 10 மணி நேரம் ஓடும் விடுதியிலோ மண்டபத்திலோ இதனால் நாளுக்கு 18 யூனிட் மிச்சம். பார்க்கச் சின்னதாக இருப்பதால் யாரும் கணக்குப் போடுவதில்லை.

அரிசி மில், எண்ணெய் மில்காரர்கள் மோட்டார் எரிந்தால் காயில் கட்டியே ஓட்டுகிறார்கள். ஒருமுறை சரி. சரியாகக் கட்டாத மோட்டாருக்கு ஒவ்வொரு முறையும் திறன் குறையும். நாள் முழுக்க ஓடுகிற மோட்டார் என்றால் புதிது வாங்குவதே லாபம். 5 ஹெச்பி போதும் இடத்தில் 10 ஹெச்பி வைப்பதும் நஷ்டம்தான். பாதி லோடில் ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு, சரியும். அதைச் சரிக்கட்டும் கெப்பாசிட்டர் கெட்டுப்போயிருந்தால் இன்னும் மோசம். பவர் ஃபேக்டர் குறைந்தால் பெரிய இணைப்புகளுக்கு அபராதமே உண்டு.

கடைசியாக, பில்லின் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது. வணிக இணைப்புக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இணைப்புக்கு ஒப்பந்தம் செய்த லோடின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக் கட்டணம் விழுகிறது. மெஷினை விற்ற பிறகும் பழைய லோடுக்கே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இபி ஆபீஸில் மனு கொடுத்துக் குறைக்கலாம். ஆனால் குறைத்த லோடைத் தாண்டினால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் என்பதால், பலகாரக் கடைக்காரர்கள் தீபாவளி ஆர்டர் ஓடிய மாதங்களையும் சேர்த்து ஒரு வருஷத்து அதிகபட்ச லோடு ரீடிங்கைப் பார்த்துவிட்டே மனு எழுதுங்கள்.