ரூம் வாடகைக்கு விடுவோர் ஜிஎஸ்டி தணிக்கையில் கோட்டை விடும் இடங்கள்

வேலூரில் மாடி போர்ஷனை நாள் வாடகைக்கு விடுவது பழைய பிழைப்பு. கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிற குடும்பங்களை நம்பித்தான் காந்தி ரோடும் பாபு ராவ் தெருவும் ஓடுகின்றன. ரத்தினகிரி பக்கம் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு அங்கேயும் இதே கதை. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்கள், விஐடி பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் என்று இன்னொரு கூட்டமும் உண்டு. இதில் புதிதாகச் சேர்ந்தது ஆப் வழி புக்கிங். அதோடு உங்கள் வரவு விவரம் உங்களைக் கேட்காமலே அரசுக்குப் போகத் தொடங்கிவிட்டது. வணிகவரித் துறை அலுவலர் வருவதற்கு முன்பே அவரிடம் ஒரு தொகை இருக்கிறது. நீங்கள் காட்டும் தொகை அதோடு ஒட்டுகிறதா என்றுதான் பார்க்க வருகிறார்.

ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம், வங்கியில் வந்த பணத்தை வருமானமாக எழுதுவது. விருந்தினர் ஐந்து இரவுக்கு 10,000 ரூபாய் கட்டுகிறார். ஆப் நிறுவனம் 15 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு 8,500 அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் 8,500 ஏறுகிறது. ஆனால் சட்டப்படி உங்கள் விற்றுமுதல் 10,000. கமிஷன் என்பது தனியாக உங்களுக்கு வந்த செலவு. வருஷத்துக்கு 22 லட்சம் புக்கிங் ஆன வீட்டில் வங்கிக் கணக்கு 18 லட்சத்து 70 ஆயிரம்தான் காட்டும். "20 லட்சத்தைத் தாண்டவில்லையே, எதற்கு ஜிஎஸ்டி பதிவு?" என்று உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். ஆனால் வருமான வரிக்காக ஆப் நிறுவனம் முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் முழுத் தொகையின் மேல்தான். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறை அறிக்கையில் அது அப்படியே தெரியும். அலுவலர் முதலில் எடுத்துவைக்கும் காகிதமும் அநேகமாக அதுதான்.

அந்த 20 லட்சமும் ஒரு கட்டடத்துக்கான கணக்கு கிடையாது. ஒரு பான் எண்ணில் இந்தியா முழுக்க வரும் எல்லாம் சேர்த்துதான். கீழே மருந்துக்கடைக்கு விட்ட வாடகை, காட்பாடியில் குடித்தனத்துக்கு விட்ட வீட்டின் வாடகை (அதற்கு வரி இல்லாவிட்டாலும்), கவுண்டரில் வாங்கிய ரொக்கம், எல்லாம் இதில் அடக்கம். பதிவு தேவைப்படாத அளவில் இருப்பவருக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி ஆப் நிறுவனமே அறை வாடகை மீதான வரியைக் கட்டிவிடும். வரம்பைத் தாண்டிவிட்டால் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடும். "ஆப்காரன் கட்டுகிறான்" என்று சொல்லிக்கொண்டே வரம்பைத் தாண்டியவர்கள்தான் தணிக்கையில் அதிகம் மாட்டுவது.

அடுத்தது வரி விகிதம். தணிக்கை பழைய வருஷங்களுக்கு நடக்கும். இன்றைய விகிதத்தை அன்றைய பில்லுக்குப் போட முடியாது. நாள் வாடகை 1,000 ரூபாய் வரை இருந்த அறைக்கு 2022 ஜூலை 17 வரை வரியே இல்லை. மறுநாளிலிருந்து அதையும் சேர்த்து 7,500 வரைக்கும் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவே 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரி (நீங்கள் வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது. 5 சதவீதம் வசூலித்துக்கொண்டே ஏசிக்கும் மெத்தைக்கும் கட்டிய வரியைப் பழக்கதோஷத்தில் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்துவது நல்லது. மாடி கட்டிய சிமெண்ட், டைல்ஸுக்கு உள்ளீட்டு வரி எந்தக் காலத்திலும் கிடையாது.

வேலூருக்கே உரிய ஒரு சிக்கல் சமையலறை. நோயாளியின் குடும்பம் மீன் குழம்பும் சோறும் தானே ஆக்கிச் சாப்பிட விரும்பும். அதனால் அறையோடு அடுப்பு, பாத்திரம், சிலிண்டர் எல்லாம் தருகிறோம். வாடகைக்கு ஒரு பில், கேஸுக்கும் கரண்டுக்கும் துண்டுச் சீட்டு. அறையோடு சேர்த்துத் தரும் இந்த வசதிகளுக்கு வாங்குவதும் அறையின் மதிப்பில் சேர வேண்டியதுதான். கேன்சல் செய்தவரிடம் பிடித்துக்கொண்ட தொகைக்கும் அறைக்குரிய விகிதத்திலேயே வரி உண்டு.

இதற்கு நேர்மாறாக, கிடைக்கிற சலுகையை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலை 15 முதல், ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்த வாடகைக்கு வரி இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் ரெஜிஸ்டரைப் புரட்டினால் 30ஆம் நாள் "காலி" என்று எழுதி, மறுநாள் அதே பெயரைப் புதிய வரிசை எண்ணில் எழுதியிருக்கும். மாதக் கணக்கை முடிக்க கவுண்டர் பையன் செய்யும் சௌகரியம். தொடர்ந்து தங்கினார்கள் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரமும் அதோடு போயிற்று. ஒரே பதிவு, மாதாமாதம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ரசீது: இவ்வளவுதான் வேண்டும். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும், 60 நாளில் கிளம்பியவர்களுக்கும் இந்தச் சலுகையைக் கேட்க வேண்டாம்.

கொல்கத்தா நிறுவனம் தன் ஊழியருக்கு அறை எடுத்து, தன் ஜிஎஸ்டி எண்ணைத் தந்து பில் கேட்கும். வெளிமாநிலம்தானே என்று ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான வரி) போட்டுவிடுவார்கள். கட்டடம் வேலூரில் இருக்கிறது. ஆகவே மத்திய அரசின் சிஜிஎஸ்டியும் மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டியும்தான். பங்களாதேஷ்காரர் டாலரில் தந்தாலும் அது ஏற்றுமதி ஆகாது. தவறான தலைப்பில் கட்டியிருந்தால் சரியான தலைப்பில் கட்டிவிட்டுப் பழையதைத் திரும்பக் கேட்கலாம். சரியான தலைப்பில் பிந்திக் கட்டியதற்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள்.

சரி, காகிதம் வந்துவிட்டது. பதறுவதற்கு முன் எந்தக் காகிதம் என்று பாருங்கள். ஏஎஸ்எம்டி-10 என்றால் நீங்கள் போட்ட ரிட்டர்னில் ஒரு முரண்பாடு. 30 நாளுக்குள் ஏஎஸ்எம்டி-11இல் பதில் தர வேண்டும். ஏடிடி-01தான் தணிக்கை. அதற்குக் குறைந்தது 15 வேலை நாள் அவகாசம் உண்டு. கேட்ட கணக்கை நீங்கள் தந்த நாள், அவர்கள் உங்கள் இடத்தில் தணிக்கையைத் தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். ஆணையர் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். இந்த நோட்டீஸ்கள் தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் 'கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்ற தனி இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பார்க்காமலே உத்தரவு வரை போனவர்கள் பலர் சென்னை உயர் நீதிமன்றம் போய், வரியில் ஒரு பகுதியைக் கட்டிய பிறகுதான் மறுவிசாரணை வாங்கியிருக்கிறார்கள். "ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்று பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துவிட்டு மறந்தவர்கள், மாதம் ஒருமுறையாவது தாங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

அந்தப் 15 நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். மாதவாரியாக ஒரு தாளில் ஆப் அறிக்கையின் முழுத் தொகை, கமிஷன், வங்கி வரவு, ரொக்கம், ரிட்டர்னில் காட்டியது என்று பத்தி போட்டு, வித்தியாசத்துக்கு எதிரே காரணம் எழுதுங்கள். ரெஜிஸ்டரைப் புதிதாக எழுதும் புத்திசாலித்தனம் வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாம் ஆன்லைனில் ஏற்றும் படிவத்தில் வந்த தேதி இருக்கிறது. மின்வாரிய ரீடிங் வேறு இருக்கிறது. வாய்மொழியாக விளக்கிவிட்டு வருவதும் வீண். எதைத் தந்தாலும் பட்டியல் போட்டுக் கையெழுத்தோ முத்திரையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி விடுபட்டிருப்பது உங்களுக்கே தெரிந்தால், நோட்டீஸ் வரும்வரை இழுக்காமல் டிஆர்சி-03 படிவத்தில் வட்டியோடு கட்டிவிடுவதே மலிவு. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். மோசடி இல்லாத வழக்கில் அப்படி முன்கூட்டியே கட்டினால் பொதுவாக அபராதம் வராது. விருந்தினரிடம் வாங்கிய வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மட்டும் அந்தத் தயவை எதிர்பார்க்க வேண்டாம். தணிக்கை முடிவைச் சொல்லும் ஏடிடி-02இல் எழுதியிருப்பது தவறு என்று தோன்றினால் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டு கட்டாதீர்கள். அது இறுதி உத்தரவு அல்ல. அதன் பிறகு நோட்டீஸ், பதில், நேரில் விசாரணை என்று படிகள் இருக்கின்றன. உத்தரவே வந்தாலும் மூன்று மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம்.