தொங்கும் மொபைல் செய்ய ஆரம்பிக்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

தொங்கும் மொபைல் என்றதும் தொட்டிலுக்கு மேலே சுற்றும் பொம்மை என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுவதுதான் முதல் தவறு; கம்பிகளில் தகட்டுத் துண்டுகளைத் தொங்கவிட்டு, காற்றுக்கு அசையும்படி செய்யும் சிற்பம் அது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், 1930களில் கம்பியும் தகடும் வைத்துக்கொண்டு காற்றுக்குத் திரும்பும் சிற்பங்களைச் செய்தார், 1955இல் நம் அகமதாபாத்துக்கே வந்து தங்கி வேலை பார்த்திருக்கிறார். அந்தச் சிற்பங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு கம்பியில்கூட இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் தெரியாது.

ஆனால் நம் ஆட்கள் செய்யும்போது கம்பியின் நட்டநடுவில் நூலைக் கட்டி, இரு முனையிலும் ஒரே அளவுத் துண்டை மாட்டிவிடுகிறார்கள். நிற்கும், சரி, ஆனால் பார்க்க ஒன்றுமே இருக்காது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசு மாதிரி சமமாக இருக்கத் தேவையில்லை, எடையையும் தொங்கும் இடத்திலிருந்து அதற்குள்ள தூரத்தையும் பெருக்கி வருவது இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். 30 செ.மீ. கம்பியில் ஒரு முனையில் 20 கிராம், மறுமுனையில் 10 கிராம் என்றால் தொங்கவிடும் கொக்கி வரவேண்டிய இடம் கனமான பக்கத்திலிருந்து 10 செ.மீ. (கம்பியின் சொந்த எடையால் கொஞ்சம் நடுப்பக்கம் தள்ளும், விரல்மேல் வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.) அப்புறம், கம்பியைக் கொஞ்சம் வில்லாக வளைத்து முனைகள் கீழே தாழும்படி விடுங்கள். தொங்கும் புள்ளி எடையின் மையத்துக்கு மேலே இருந்தால்தான் அது ஆடிவிட்டுத் திரும்பி வந்து நிற்கும், இல்லாவிட்டால் லேசாகத் தட்டினாலே ஒரு பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும்.

மேலிருந்து கட்ட ஆரம்பிக்காதீர்கள், இதில்தான் பாதிப் பேர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கீழே ஒரு சின்ன இலைத் தகட்டைச் சேர்த்தாலும் அதற்கு மேலே உள்ள எல்லாக் கம்பியும் சாய்ந்துவிடும். கடைசிக் கம்பியை முதலில் முடித்து, அதை ஒரே எடையாக நினைத்து மேல் கம்பியில் மாட்டி, அங்கே நடுநிலையைத் தேடுங்கள்.

தகடு விஷயத்தில் கனமானதை வாங்காதீர்கள், மெல்லிய அலுமினியமே போதும். சேர்வராயன் மலையின் பாக்சைட் என்ற தாது மேட்டூருக்குப் போய் அலுமினியமானது என்பதால், அந்த உலோகத்தைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தனிப் பிரியம்.

சேலம் வெயிலுக்கு ஃபேன் இல்லாமல் முடியாது, ஆனால் மொபைலை அதற்கு நேர் கீழே மாட்டினால் ஒரே பக்கமாகச் சுற்றி நூல் முறுக்கிக்கொள்ளும். ஜன்னலோர மூலை நல்லது. கையால் சுற்றிவிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம், ஆள் கடந்து போகும்போது எழும் காற்றுக்கே அது திரும்பவேண்டும், திரும்பவில்லை என்றால் கொக்கி இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். ஏற்காட்டில் வெளித் திண்ணையில் மாட்டுகிறவர்கள் பருத்தி நூலைத் தொடவே வேண்டாம், பனியிலும் மழையிலும் இற்றுவிடும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் வளையத்துக்குள் வளையமாகக் கோத்து, தகடுகள் முழுச் சுற்று சுற்றினாலும் ஒன்றோடொன்று உரசாத அளவுக்கு இடைவெளி விடுங்கள்.