ஒரு கயிறு, இரண்டு அட்டைக் குழல்: வீட்டுக்குள்ளேயே காட்டுப் பயணம் போவது எப்படி?

குழந்தைகளுக்கான விலங்குக் கைவேலை என்று தேடினால் வரிசையாக வருவது காகிதத் தட்டில் சிங்க முகம், முட்டை அட்டையில் முதலை, உள்ளங்கையை வண்ணத்தில் தோய்த்து ஒட்டகச்சிவிங்கி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரம் வெட்டி ஒட்டிய பிறகு சிங்கத்தைப் பற்றி அந்தக் குழந்தைக்குப் புதிதாக என்ன தெரிந்தது? பிடரி மயிர் இருக்கும் என்பது முன்பே தெரியும்.

அதனால் இங்கே வரிசையை மாற்றிப் போடுகிறேன். முதலில் ஒரு கற்பனைப் பயணம். போகிற வழியில் ஒரு சிக்கல். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குத்தான் கைவேலை. 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது நன்றாக ஒத்துவரும். இரண்டு மூன்று பேர் இருந்தால் கலகலப்பு கூடும். ஒரே பிள்ளை என்றாலும் நடத்தலாம், நீங்கள்தான் கொஞ்சம் கூடுதலாக ஓடவேண்டும்.

தேவையான பொருள்கள்: பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கயிறு, அளவுநாடா, கிரேயான், பசை, பழைய காலுறை, ஸ்பாஞ்சு, காகித உறிஞ்சுகுழல், சமையலறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழல். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். தடித்த அட்டையை மட்டும் நீங்களே வெட்டிக்கொடுங்கள்.

படி 1: ஒரு நாளைக்கு ஒரே விலங்கு, ஒரே கேள்வி

ஒரே மாலையில் யானை, புலி, முதலை, மலைப்பாம்பு எல்லாவற்றையும் காட்டிவிட ஆசை வரும். வேண்டாம். மறுநாள் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு விலங்கை எடுத்து, அதைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு பெரிய யானை எப்படிச் சத்தமில்லாமல் நடக்கிறது?", "மானுக்குக் கண் ஏன் பக்கவாட்டில் இருக்கிறது?" என்பது போல. பதில் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

படி 2: பிள்ளையே விலங்காகட்டும்

பெரும்பாலான விளையாட்டுகளில் பிள்ளை வேட்டைக்காரராகவோ விலங்கைக் காப்பாற்றும் வீரராகவோ இருக்கும். அதைவிட விலங்காகவே மாறுவதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பசி, தாகம், பயம் எல்லாம் அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து தெரியும். கதைக்குப் பெரிய பீடிகை தேவையில்லை, நாலு வரி போதும். மேசை மேல் ஒரு போர்வையை விரித்தால் குகை, தரையில் நீளமாகப் போட்டால் ஆறு.

படி 3: முதல் பயணம் – வறண்ட காட்டில் யானைக் கூட்டம்

தொடங்குபவர்கள் யானையிலிருந்தே தொடங்கலாம். யானை பிடிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

இப்படி ஆரம்பியுங்கள்: "மழை பெய்து பல மாதம் ஆயிற்று. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாட்டி யானை முன்னால் நடக்கிறது. நாம் கொஞ்சம் பின்தங்கிவிட்டோம். கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று காலடித் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்." யானைக் கூட்டத்தை நடத்துவது உண்மையிலேயே வயதான பெண் யானைதான். முந்தைய வறட்சிகளில் தண்ணீர் எங்கே கிடைத்தது என்பது அதற்குத்தான் நினைவிருக்கும். வளர்ந்த ஆண் யானைகள் பெரும்பாலும் தனியாகவோ மற்ற ஆண்களோடோ திரியும். "அப்பா யானை எங்கே?" என்ற கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள்.

இப்போது தடம் செய்வோம். கயிற்றில் 120 செ.மீ. அளந்து வெட்டி, இரு முனைகளையும் சேர்த்துச் செய்தித்தாள் மேல் வட்டமாகப் போடுங்கள். குறுக்கே அளந்தால் ஏறக்குறைய 38 செ.மீ. வரும். ஓரத்தில் கிரேயானால் கோடு போட்டு வெட்டி எடுத்தால், வளர்ந்த ஆசியப் பெண் யானையின் முன்னங்கால் தடம் தயார். முன்பக்க விளிம்பில் 5 நகங்களை வரையச் சொல்லுங்கள். பின்னங்கால் தடம் இன்னும் நீள்வட்டமாக இருக்கும், அதற்குப் பொதுவாக 4 நகம். ஆறேழு தடங்களை வெட்டி அறைக்கு அறை போட்டு வையுங்கள்.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தக் கயிற்று வட்டத்தை அவிழ்த்து, சுவரோரமாகத் தரையிலிருந்து நேராக மேலே பிடியுங்கள். அது முடியும் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இன்னொரு முறை மேலே பிடியுங்கள். 240 செ.மீ. அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். யானையின் தோள் உயரம் அது. முன்னங்கால் சுற்றளவைப் போல இரு மடங்குதான் ஏறத்தாழ அதன் தோள் உயரம். தடத்தை மட்டும் அளந்து, ஆளைப் பார்க்காமலே உயரம் சொல்லலாம். பிள்ளை கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இன்னொரு காகிதத்தை ஒட்டுங்கள். பிறந்த அன்றைக்கு யானைக்கன்று ஏறக்குறைய இந்த உயரம்தான் இருக்கும். எடை மட்டும் 100 கிலோ பக்கம். தன்னைவிடக் குள்ளமான யானை ஒன்று உண்டு என்று தெரிந்ததும் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்.

இனி அன்றைய கேள்வி. கூட்டம் பக்கத்திலேயே இருந்தும் சத்தம் கேட்கவில்லையே, ஏன்? ஒரு மரக்கட்டையைத் தரையில் தட்டச் சொல்லுங்கள். பிறகு அதே கட்டையின் அடியில் ஸ்பாஞ்சைக் கட்டித் தட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் காதில் விழும். யானையின் காலுக்குள் இருக்கும் எலும்புகள் கிட்டத்தட்ட விரல் நுனியில் நிற்பதுபோல் அமைந்திருக்கின்றன. குதிகாலுக்குக் கீழே இருப்பது கொழுப்பும் நாருமான தடித்த மெத்தை. காலை வைக்கும்போது அது நசுங்கி விரிந்து சத்தத்தை விழுங்கிவிடுகிறது.

நேரம் மிச்சமிருந்தால் காலுறைத் துதிக்கை. காலுறையின் நுனியில் ஓட்டை போட்டுக் கையில் மாட்டி, ஆள்காட்டி விரலை மட்டும் வெளியே நீட்டினால் ஆசிய யானை. கட்டைவிரலையும் சேர்த்து நீட்டினால் ஆப்பிரிக்க யானை. ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. இரண்டு விதத்திலும் தரையில் கிடக்கும் பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். ஒற்றை விரலால் எடுக்கப் பிள்ளை தடுமாறும், பிறகு தானாகவே கையைச் சுருட்டி வளைத்துப் பிடிக்கும். ஆசிய யானையும் பொருள்களைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது வழக்கம். துதிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசைதான் என்பதை இந்த இடத்தில் சொன்னால் பதியும்.

கடைசியாக, வறண்ட ஆற்றுப் படுகையில் பாட்டி யானை காலாலும் துதிக்கையாலும் மணலைத் தோண்ட, போர்வைக்கு அடியிலிருந்து நீலத் துணி வெளியே வரட்டும். தண்ணீர்! ஆனால் துதிக்கை வழியாக உறிஞ்சிக் குடிப்பதாக நடித்தால் நிறுத்துங்கள். யானை மூக்கால் தண்ணீர் குடிக்காது. துதிக்கையில் இழுத்து வாய்க்குள் ஊற்றிக்கொள்ளும்.

படி 4: இரண்டாம் பயணம் – மானும் புலியும்

கதைக்கு முன் இரண்டு சின்னச் சோதனைகள். பிள்ளையை நேராகப் பார்த்து நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து ஒரு வண்ணப் பென்சிலைக் காதுப் பக்கமாக மெதுவாக முன்னே கொண்டுவாருங்கள். கண்ணில் பட்டதும் "ஆங்!" என்று சொல்லவேண்டும். நமக்குக் காதை ஒட்டி வந்தால்தான் தெரியும். மானுக்கு அதற்கும் வெகு பின்னாலேயே தெரிந்துவிடும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். அடுத்தது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பென்சில்களின் முனைகளை ஒன்றோடொன்று தொடவைக்கச் சொல்லுங்கள். தவறித் தவறிப் போகும். இரு கண்ணையும் திறந்தால் உடனே தொட்டுவிடும். முன்னோக்கிய இரு கண்கள் ஒரே இடத்தைப் பார்க்கும்போதுதான் தூரம் துல்லியமாகப் பிடிபடும். பாய்கிற புலிக்கு அது தேவை, தப்பிக்கிற மானுக்கு அகலப் பார்வை தேவை.

இதற்குப் பிறகு முகமூடி செய்தால் கண்ணை எங்கே வரைவது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். மான் முகமூடியில் அட்டையின் இரு ஓரங்களிலும், புலிக்கு நடுவிலும் பிள்ளையே வரையும். மான் முகமூடியில் பிள்ளை பார்ப்பதற்கான துளையைத் தனியாக நடுவில் போடவேண்டியிருக்கும், அதைக் கண்ணாக வரையாமல் விட்டுவிடுங்கள். புலியின் காதுக்குப் பின்புறம் ஒரு வெள்ளைப் பொட்டு உண்டு, அதையும் மறக்கவேண்டாம். வரிகளைப் பிள்ளை இஷ்டம்போல் போடட்டும். எந்த இரண்டு புலிக்கும் வரிகள் ஒன்றுபோல் இருக்காது. காட்டில் தானியங்கிக் கேமராவில் பதிவாகும் படங்களை வைத்து இது எந்தப் புலி என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதும் இந்த வரிகளைப் பார்த்துத்தான்.

"ஆரஞ்சு நிறப் புலி பச்சைக் காட்டில் எப்படி ஒளியும்?" என்று கேட்டுப் பாருங்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நமக்கு ஆரஞ்சாக மின்னுவது அதற்குப் புல்லோடு புல்லாகக் கலந்துவிடும்.

இப்போது விளையாட்டு. ஒருவர் மேயும் மான், ஒருவர் புலி, இன்னொருவர் மரத்தில் உட்கார்ந்திருக்கும் மந்தி (உறுதியான நாற்காலி போதும்). மான் குனிந்திருக்கும்போது புலி நகரலாம், நிமிர்ந்தால் அப்படியே உறையவேண்டும். மந்தி புலியைப் பார்த்துவிட்டால் குரல் கொடுக்கும், உடனே மான் ஓடலாம். புள்ளிமானும் மந்தியும் காட்டில் நிஜமாகவே இப்படித்தான் பழகுகின்றன. உயரத்திலிருந்து மந்தி எச்சரிக்கும். மந்தி தின்னும்போது கீழே சிந்தும் இலையும் பழமும் மானுக்கு.

புலியாக இருக்கும் பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும், கொஞ்சம் முறைக்கும். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைக்காதீர்கள். புலியின் வேட்டைகளில் பெரும்பாலானவை தோல்விதான் என்று சொல்லுங்கள். புலி கெட்டது, மான் நல்லது என்ற கதைப்புத்தகக் கணக்கு அந்தப் பசியோடு கரைந்துபோகும்.

படி 5: மூன்றாம் பயணம் – இரவில் ஆந்தையாக

விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன டார்ச் மட்டும். அட்டைக் குழலை இரண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கமாக ஒட்டி, கயிறு கட்டிக் கண்ணில் மாட்டிவிடுங்கள். ஆந்தையின் கண் உருண்டையாக இருக்காது, குழல் வடிவில் இருக்கும். அதனால் அதைக் கண்குழிக்குள் உருட்டிப் பார்க்க முடியாது. குழலை மாட்டிய பிள்ளையும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் திருப்பித்தான் ஆகவேண்டும். எவ்வளவு தூரம் திருப்ப முடிகிறது? நமக்குத் தோள் வரைக்கும்தான். ஆந்தை ஒரு பக்கமாக 270 டிகிரி வரை திருப்பும். பிள்ளை அதை முயன்று பார்க்காமல் தடுப்பது உங்கள் பொறுப்பு.

எப்படி முடிகிறது? காகித உறிஞ்சுகுழலில் ஒரே நீளத்தில் இரண்டு எடுத்து, ஒன்றை 7 துண்டாகவும் மற்றதை 14 துண்டாகவும் வெட்டி நூலில் கோர்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் வட்டமாக வளைத்தால் 14 துண்டு உள்ளது அழகாக வளையும். ஆந்தையின் கழுத்தில் 14 எலும்பு, நமக்கு 7. அப்புறம் கேளுங்கள், "ஒட்டகச்சிவிங்கிக்கு எத்தனை இருக்கும்?" நூறு என்று பதில் வரும். அதற்கும் நம்மைப் போல 7தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம்.

சொல்லும் தகவல் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

கற்பனை கதையில் இருக்கலாம், விலங்கின் உடம்பில் இருக்கக் கூடாது. யானை பேசலாம், பறக்கக் கூடாது. இதை நான் கறாராகவே வைத்துக்கொள்வேன். பெங்குவினையும் பனிக்கரடியையும் ஒரே பனிப்பாறையில் நிறுத்தாதீர்கள், ஒன்று தென்பாதி உலகம், மற்றது வட துருவப் பகுதி. முள்ளம்பன்றி முள்ளை அம்பாக எய்யாது. வௌவாலுக்குக் கண் தெரியும். சிறுத்தையின் உடம்பில் பூப்போன்ற வளையங்கள், சீட்டாவுக்குத் தனிப் பொட்டுகள், கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு. படம் வரையும்போது இவை இரண்டும் மாறிப்போவது மிகச் சாதாரணம்.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் சமாளித்து எதையும் சொல்லவேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அடுத்த பயணத்துக்கான கேள்வி கிடைத்துவிட்டது.

படி 6: வெளியே போகும்போது

பூங்காவிலோ தோட்டத்திலோ ஈரமண் கிடைத்தால் தடம் தேடச் சொல்லுங்கள். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனையின் தடத்தில் இருக்காது, நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். புலியும் அப்படித்தான். உண்மையான விலங்கு எதிரே வந்தால் மூன்று விதி: துரத்தக் கூடாது, தொடக் கூடாது, தீனி போடக் கூடாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அணிலைக் கண்டதும் மறந்துவிடுவார்கள். வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். இந்த முறை நீங்கள் அணிலாக இருங்கள், பிள்ளை எத்தனை அடி தள்ளி நின்றால் உங்களுக்குப் பயமில்லாமல் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் தரையில் கயிற்றைப் போட்டுவிடுங்கள்.