கேம் பாய் பாதிப் பாட்டில் அணைந்துபோனால்

சிப்டியூன் (பழைய கேம் கருவிகளின் சிப் ஒலியில் அமைக்கும் இசை) வாசிக்க, திரைக்குத் தனி விளக்கு, தனி ஆடியோ ஜாக் எல்லாம் வைத்து மாற்றிய நின்டெண்டோவின் 1989 மாடல் கையடக்க கேம் கருவியான கேம் பாய், திடீரென அணைந்து மறுபடி தொடங்குகிறதா? உடனே சர்க்யூட்டைப் பிரிக்காதீர்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி பவர் சுவிட்ச்தான். அதன் உள்தகடுகளில் வருஷக்கணக்காகப் படிந்த களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். கூடுதல் விளக்கும் சேர்ந்து இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். சுவிட்சை மெல்ல அசைத்தாலே சிவப்பு விளக்கு மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் இடுக்கில் சில சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு ஐம்பது அறுபது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரியைப் போடுங்கள். அப்படியே பேட்டரி முனைகளையும் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஆல்கஹாலாலும் துடைக்க வேண்டும்.

அப்புறமும் அணைகிறதா? கூடுதல் விளக்கின் ஒயரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் கோளாறு அந்த இணைப்பில். சால்டரிங்கில் பற்றவைத்த இடங்களைத் திரும்பச் சூடாக்குங்கள்.

ஒன்று மட்டும்: சோதனைக்கு முன் எல்எஸ்டிஜே (கேம் பாயில் பாட்டு அமைக்கும் மென்பொருள்) கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வேறு ஏதாவது பழைய கேமைப் போடுங்கள். மின்சாரம் விட்டு விட்டு வந்தால் சேமித்த பாட்டுகள் அழிய வாய்ப்புண்டு.