குவாத்தமாலாவின் மாயா ஊர்களைக் குழுவாகக் காணச் செல்வோருக்கு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவுக்கு வழிகாட்டியுடன் குழுவாகச் செல்ல விரும்புவோர், மழை குறைந்த நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. சிச்சிகாஸ்தெனாங்கோ ஊரின் பெருஞ்சந்தை வியாழனும் ஞாயிறும் கூடுவதால், பயணத்திட்டம் அந்த நாள்களுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அங்குள்ள சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் படிகளில் அந்நாட்டுப் பழங்குடிகளான மாயாக்களில் ஒரு பிரிவினரான கிச்சே மக்கள் இன்றும் கோப்பால் என்னும் மரப்பிசினைப் புகைத்து வழிபடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியிலும், குறிப்பாகக் குழந்தைகளை, அனுமதி கேட்காமல் படமெடுப்பது அவர்களைக் காட்சிப்பொருளாக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

அதித்லான் ஏரிக்கரையிலுள்ள சான் ஹுவான் லா லகுனாவில், கூட்டுறவாகச் சேர்ந்த பெண்கள் பருத்தி நூலுக்குச் செடிகளிலிருந்து எடுத்த சாயம் ஏற்றி, இடுப்பில் பிணைத்த தறியில் நெய்கிறார்கள். ஒரு துணியே பல நாள் உழைப்பாக இருப்பதால், பேரம் பேசி விலையை மிகவும் இறக்காமல், நெய்தவரிடமே நேரடியாக வாங்குங்கள்.

1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளான திக்காலுக்கு முழு நாள் தேவை. முந்தைய இரவு ஃபுளோரெஸ் ஊரில் தங்கி அதிகாலையில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன்னரே, சுமார் 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் மரப்படிகளில் ஏறிவிடலாம். காட்டுப்பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருப்பதால் குடிநீர், கொசு விரட்டி, பிடிமானமுள்ள காலணி ஆகியவற்றை மறவாதீர்கள்.